தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல்: இன்னும் 11,625 வெள்ளி தேவை

முருகன் துணை

பினாங்கு ஜார்ஜ்டவுன் கடைத்தெருப் பெருமக்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் குழுவினரின் வணக்கம்.

இவ்வாண்டுச் செலவு 25,925 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). கையிருப்பு 14,300. டம்ளருக்கும் பந்தலுக்கும் முன்பணம் கட்டக் கடைசி நாள் மார்கழி 25.

இந்த ஊரின் முகம் வணிகர்கள் கொடுத்தது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-இல் எழக் காரணமானவர் பரங்கிப்பேட்டைக் கப்பல் வணிகர் காதர் மொகிதீன். அதே சாலையில் சீனர்களின் குவான் யின் கோயில். கூப்பிடு தூரத்தில் குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன், 1833 முதல். நகரத்தார் 1894-இல் கொண்டுவந்த வெள்ளி ரதம் இன்றும் தைப்பூசத்துக்கு முந்தைய நாளான செட்டிப்பூசத்தன்று விடியலில் பினாங்கு ஸ்திரீட்டில் உள்ள நகரத்தாரின் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் புறப்படுகிறது. ரதத்துக்குத் தேங்காய் உடைக்க இரவெல்லாம் காத்திருப்பவர்களில் சீனக் குடும்பங்கள் எத்தனை! 2008-இல் உலக மரபுரிமைத் தகுதி தந்தபோது யுனெஸ்கோ இந்தக் கூட்டு வாழ்வையும் ஒரு காரணமாகச் சொன்னது.

இம்முறை காகிதக் குவளை வேண்டாம் என முடிவு செய்துள்ளோம். நனைந்த குவளைகள் சாக்கடை வாயை அடைக்கின்றன. ஆகவே 2,000 எவர்சில்வர் டம்ளர், ஒன்று 4.50 வீதம் 9,000 வெள்ளி. ஒருமுறைச் செலவுதான், ஆண்டாண்டுக்கும் உழைக்கும். கழுவ மூன்று தொட்டி: சோப்பு நீர், நல்ல நீர், கடைசியில் வெந்நீர். தொட்டி, கொதிகலன், கேஸ் சேர்த்து 2,600.

மோர் 6,000 டம்ளர், அதாவது 1,500 லிட்டர். தயிர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. தயிர் மட்டும் 375 லிட்டர், 3,375 வெள்ளி. நள்ளிரவில் மொத்தமாகக் கடைந்தால் காலை ஒன்பதுக்குள் புளித்துவிடும். இரண்டு மணிக்கொருமுறை கடைந்து, உப்பும் இஞ்சியும் பரிமாறும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும். ஐஸை மோருக்குள் போட்டால் நீர்த்துப்போகும். அண்டாவைச் சுற்றி அடுக்க வேண்டும். ஐஸ் 1,200. பானகம் 1,000 லிட்டருக்கு வெல்லம் 150 கிலோ, 1,050. எலுமிச்சை, சுக்கு, ஏலம், இஞ்சி 900. பந்தலும் விளக்கும் 5,400.

உணவைத் தொடும் 20 பேருக்கும் டைபாய்டு தடுப்பூசியும் உணவுக் கையாளுநர் பயிற்சியும் கட்டாயம், 2,400. இதில் சிக்கனம் பார்க்க முடியாது. சான்றிதழ் இல்லாதவர் கரண்டியைத் தொடக்கூடாது.

தேங்காய்ச் சில்லுக்கும் ஆள் வேண்டும். ரதம் நகர்ந்ததும் பந்தல் முன்னால் கூட்டித் தள்ளாவிட்டால் வெறுங்காலோடு வரும் பக்தர்களின் பாதம் கிழியும். ரப்பர் பூட்ஸும் தள்ளு துடைப்பமும் இருக்கின்றன. பத்து இளைஞர்கள் போதும்.

இதுவரை தாங்கிப் பிடித்தவர்களை மறக்க மாட்டோம். கேட்குமுன் வெல்லம் இறக்கிய மசாலை மில்லுக்காரர்கள், ஆண்டுதோறும் முதல் ரசீதைத் தாமே வாங்கிக்கொள்ளும் நகைக்கடை முதலாளிகள், அண்டாக்களைக் கழுவித் துடைத்து அனுப்பிய நாசி கண்டார் சோற்றுக்கடை பாய்மார்கள், பாதி விலைக்கு ஐஸ் தந்த சீன வியாபாரி, லாபம் குறைந்த ஆண்டிலும் தோரணம் கட்டிய அஞ்சடி (கடை முன் நடைபாதை) பூக்கடை அக்காமார்கள், ஜவுளிக்கடை ஊழியர்கள் என எல்லாருக்கும் முருகன் அருள் பெருகட்டும்.

ஒன்றை மனம் நோகாமல் சொல்ல வேண்டும். பூசக் கூட்டத்தால் வியாபாரம் பார்க்கும் சில பெரிய கடைகளின் பெயர் மூன்று ஆண்டாக ரசீதுப் புத்தகத்தில் இல்லை. பூக்கட்டும் அம்மா 50 வெள்ளி தரும் தெருவில் இது அழகல்ல. 45 வெள்ளி பத்து டம்ளர். 90 வெள்ளி பத்து லிட்டர் தயிர். பணமாக முடியாதவர்கள் வெல்லமாக, எலுமிச்சையாக, ஆளாகத் தரலாம்.

குழு முத்திரையிட்ட ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். வரவு செலவுக் கணக்கு, பூசம் முடிந்த இரண்டாம் வாரம் பந்தல் நின்ற இடத்திலேயே ஒட்டப்படும்.

தண்ணீர்ப் பந்தல் குழுவினர்