கை தட்டக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டின நம்ம சர்ச்ச நிர்வாகம் பண்ற சேகர கமிட்டிக்கு

ஐயாவுக்கும் கமிட்டி அண்ணாச்சிமார் அக்காமார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

போன மாசம் கோவில் வாசல்ல ஒட்டின நோட்டீஸ பத்திதான் எழுதுறேன். ஆராதனையில கை தட்டக் கூடாது, டோலக் வாலிபர் ஞாயிறுக்கு மட்டும், பயபக்தி காக்கவும்னு போட்டிருக்கீங்க. அதுக்கு மறு ஞாயிறு எனக்கு முந்துன பெஞ்சுல நடந்தது உங்கள்ல எத்தன பேருக்கு தெரியும்னு எனக்கு தெரியல. எங்க தெரு பாட்டி ஒருத்தங்க, எழுபது தாண்டினவங்க, பேரன் 12 நாள் ஐசியூல கெடந்து பொழச்சு வீடு வந்து சேந்த வாரம் அது, ஸ்தோத்திர காணிக்கைய முந்தானையில முடிஞ்சு கொண்டாந்திருந்தாங்க, கீர்த்தனை ஆரம்பிச்சதும் கண்ண மூடிட்டு தட்ட ஆரம்பிச்சாங்க, சத்தமா கூட இல்ல, வலது கை விரலு மட்டும் இடது உள்ளங்கையில படுது, அவ்வளவுதான். ஒருத்தர் வந்து தோள தொட்டு வாசல் பக்கம் கைய காமிச்சாரு. பாட்டி கைய மடியில வெச்சுகிட்டாங்க. அதுக்கப்புறம் பாடவே இல்ல.

உங்க கையில இருக்குற கீர்த்தனை புக்க கொஞ்சம் தெறந்து பாருங்க. பாட்டுக்கு மேலயே ராகம் இன்னது, தாளம் ஆதி, ரூபகம்னு போட்டிருக்கும். தாளம்னா என்ன, கையால போடுறது தான? பாட்டு எழுதினவங்க கைய நெனச்சு தான் எழுதியிருக்காங்க. 150ஆம் சங்கீதத்துல தம்புரு, நடனம், கைத்தாளம் எல்லாம் வருது, அத கோவில்ல மாறி மாறி வாசிக்கிறோம், இப்ப அத வாசிக்கும்போது எனக்கு தொண்டைய அடைக்குது. உடன்படிக்கை பெட்டி எருசலேமுக்கு வந்தப்போ தாவீது முழு பெலத்தோட ஆடினான், ஜன்னல் வழியா பாத்து மனசுக்குள்ள அவன அவமதிச்சது அவன் மனைவி மீகாள்.

இது புதுசும் இல்ல. 1820கள்லயே தஞ்சாவூர்ல புதுசா வந்த மிஷனரிமார் தமிழ் பாட்டும் மேளமும் வேண்டாம்னு தடுத்தப்போ கீர்த்தனை கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் எதிர்த்து எழுதினாரு (அதே சண்டையில சபைக்குள்ள சாதி வித்தியாசம் இருக்கட்டும்னு அவர் நின்ன பக்கம் நான் நிக்க மாட்டேன், ஆனா பாட்டு விஷயத்துல அவர் சொன்னது சரி). பிறகு மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில தியோபிலஸ் அப்பாவு ஐயா, பரட்டைன்னு எல்லாரும் கூப்பிடுவாங்களே அவருதான், கிராமத்து மெட்டையும் அடிதட்டு ஜனங்களோட மேளத்தையும் ஆராதனைக்குள்ளயே கொண்டு வந்தாரு. அத்தன வருஷம் பாடுபட்டு உள்ள வந்தத ஒரு பேப்பர ஒட்டி வெளிய அனுப்புறோமேன்னு தான் மனசு கேக்கல.

கை தட்டி சத்தமா ஆராதிக்கிற பெந்தெகொஸ்தே சபை மாதிரி ஆயிடும்னு சில பேர் பயப்படுறீங்க, அந்த பயம் எனக்கும் புரியுது. ஸ்பீக்கர அலற விட்டு ஜனங்க பாடுற சத்தமே கேக்காம பண்றது எனக்கும் பிடிக்காது. திருவிருந்து நேரத்துல, பெரிய வெள்ளியில அந்த அமைதி வேணும், அதுல யாரும் கை வெக்கக் கூடாது. மேல்நாட்டு மெட்டுல பாடுற பாமாலையும் வேணும், எங்கம்மா அடக்க ஆராதனையில ஆர்கனோட பாடின பாமாலை தான் அன்னைக்கு என்னைய தாங்குச்சு. ஆனா கிறிஸ்மஸ் சமயம் வீடு வீடா போற கேரல் ரவுண்ட்ஸ்ல ராத்திரி ரெண்டு மணிக்கு டிரம் சத்தத்துக்கு நீங்களே தான முன்னாடி கை தட்டி பாடிகிட்டு வர்றீங்க, எங்க வீட்டு வாசல்ல உங்க முகத்துல நான் பாத்தது சுத்தமான சந்தோஷம், அதே சந்தோஷம் கோவில் படி ஏறினா மட்டும் எப்படி பயபக்தி இல்லாம போகும்?

நான் கேக்குறது ரொம்ப பெருசு இல்ல. நோட்டீஸ எடுத்துருங்க. காணிக்கை எடுக்கும்போது பாடுற ஒரு கீர்த்தனையாவது வாராவாரம் டோலக்கோட தாளம் போட்டு பாடலாம், தட்ட விரும்பாதவங்க சும்மா இருக்கட்டும், அவங்கள யாரும் ஒன்னும் சொல்லக் கூடாது.

பாட்டி இப்போ கடைசி பெஞ்சுக்கு போயிட்டாங்க. அறுப்பின் பண்டிகைக்கு முன்னால கமிட்டியில இருந்து யாராவது அவங்க வீட்டுக்கு போயி, இனி நல்லா தட்டி பாடுங்கம்மான்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு மேல போனா வீட்ல இருப்பாங்க.