பிரான்ஸ் தமிழ் விளையாட்டுக் கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்: சைக்கிளை செவ்ரூஸ் பள்ளத்தாக்கில் தொடங்குங்கள்

பாரிசிலும் புறநகரங்களிலும் இயங்கும் தமிழ் விளையாட்டுக் கழகங்களின் நிர்வாகிகளுக்கும் பழைய மாணவர் சங்கத்தினருக்கும்,

வணக்கம்.

உதைபந்தாட்டத்துக்கும் கரப்பந்துக்கும் துடுப்பாட்டத்துக்கும் நீங்கள் ஆண்டுதோறும் கொட்டும் உழைப்பை அறிவோம். சைக்கிளையும் அந்த வரிசையில் சேர்க்கும்படி கேட்கவே இதை எழுதுகிறோம். எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் எங்கள் வேண்டுகோள் இருக்கிறது. பதாகை பிடித்து, ஒரே நிறச் சட்டை போட்டு, இருநூறு பேரை ஒருநாள் வீதியில் இறக்கும் பேரணி வேண்டாம். மாதம் ஒரு ஞாயிறு, குழுவுக்கு எட்டுப் பேர், பாரிசுக்குத் தென்மேற்கே செவ்ரூஸ் பள்ளத்தாக்கு என்று தொடங்குங்கள்.

பேரணியில் என்ன பிழை? இருநூறு பேரில் பாதிப் பேர் பிறர் பின்னால் நெருங்கி ஓடிப் பழகியிருக்க மாட்டார்கள். முன்னால் போகிறவரின் பின்சில்லுக்குப் பக்கவாட்டில் உங்கள் முன்சில்லு நுழைந்திருக்கும்போது அவர் ஒரு சாண் விலகினாலே போதும். விழுவது அவர் அல்ல, பின்னால் வந்த நீங்கள்தான். உங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் உங்கள்மேல் விழுவார்கள். எட்டுப் பேர் என்றால் இதை ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கலாம். சட்டமும் இருக்கிறது. நூறு பேருக்கு மேற்பட்ட சைக்கிள் ஓட்டத்தை முன்கூட்டியே பிரெபெக்சரில் (மாவட்ட அரச அலுவலகத்தில்) அறிவிக்க வேண்டும். நேரம் கணித்து முதலாமிடம், இரண்டாமிடம் என்று அறிவித்தால் அது போட்டி. அதற்கான நடைமுறை இன்னும் கடினமானது. ஓட்டம் சிறியதாக இருந்தாலும் கழகத்துக்குப் பொறுப்புக் காப்புறுதி கட்டாயம். உதைபந்தாட்டத்துக்கு எடுத்த காப்புறுதி வீதியில் ஓடும் சைக்கிளையும் தாங்குமா என்று காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தாங்காது என்றால் பிரெஞ்சு சைக்கிள் சுற்றுலாச் சம்மேளனத்தில் கழகத்தை இணைத்து ஆளுக்கொரு உறுப்பினர் அட்டை எடுப்பது நேரான வழி.

இனி, ஏன் செவ்ரூஸ்? தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் கார் து நோர் நிலையத்தில் ஆர்இஆர் பி புறநகர் ரயில் ஏறினால், அதே தடத்தின் தெற்கு முனை சன்-ரெமி-லே-செவ்ரூஸ். இறங்கியவுடன் பள்ளத்தாக்கு. வீட்டிலிருந்தே சைக்கிளில் புறப்பட வேண்டும் என்று சிலர் பிடிவாதமாக இருப்பார்கள். லா கூர்நேவிலிருந்தோ பொபினியிலிருந்தோ நகரை ஊடறுத்து தெற்குக்குப் போனால், அழகான வீதியைக் காணும் முன்பே முப்பது கிலோமீற்றர் சிவப்பு விளக்குகளில் கால் ஓய்ந்துவிடும். ரயிலில் வாருங்கள். வார இறுதியில் முழு நாளும் சைக்கிளை ஏற்றலாம். வேலை நாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும் மாலை 4.30 முதல் 7.30 வரையும் ஏற்ற முடியாது. பி தடம் தெற்கே பிரிகிறது. ரொபின்சோன் போகும் வண்டியிலோ மசியோடு நிற்கும் வண்டியிலோ ஏறிவிடாமல் பலகையைப் பாருங்கள். எட்டுப் பேரும் ஒரே வாசலில் முண்டாமல் பெட்டிக்கு இருவராகப் பிரியுங்கள். இந்தத் தடத்தில் வார இறுதிப் பராமரிப்பு வேலைகள் அடிக்கடி நடக்கும். முந்தின நாள் இரவே சரிபார்ப்பது குழுத் தலைவரின் வேலை.

முதல் சுற்று இதுதான். சன்-ரெமியிலிருந்து செவ்ரூஸ் ஊருக்கு. அங்கிருந்து இவெத் ஆற்றோரமாக டொம்பியேர். மேட்டில் தெரியும் மத்லென் கோட்டைக்கு ஏறும் வீதி செங்குத்து, அதை முதல் நாளில் தொடாதீர்கள். டொம்பியேர் மாளிகை 17ஆம் நூற்றாண்டில் அர்துவான்-மான்சார் வடிவமைத்தது. அதன் வாசலில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு, டி91 வீதியில் வடக்கே ஏறும் 'பதினேழு வளைவுகளை' ஒருமுறை ஏறி இறங்குங்கள். சரிவு மென்மையானது. உட்கார்ந்தபடியே, பேச முடிகிற மூச்சோடு ஏறலாம். ஏற்றத்தில் நிதானம் என்றால் என்ன என்பதைக் கற்க பாரிசைச் சுற்றி இதைவிட நல்ல வீதி எங்களுக்குத் தெரியாது. ஆனால் மோட்டார் சைக்கிள்காரர்களும் இதை விரும்புகிறார்கள். வெயில் ஞாயிறுகளில் காலை ஒன்பதுக்கு முன் முடித்துவிடுங்கள். இறங்கும்போது வளைவுக்கு முன்னரே பிறேக் பிடித்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். வளைவின் நடுவில் முன்பிறேக்கை அழுத்தினால் ஈர வீதியில் முன்சில்லு வழுக்கும். உட்பக்கப் பெடல் மேலே, வெளிப்பக்கக் கால் கீழே.

மீண்டும் டொம்பியேர் வந்து, தெற்கே சொன்லிஸ் பக்கமாக வோ-த-செர்னே. 1118இல் நிறுவப்பட்ட மடம், குளம், பாறைகளுக்கு நடுவே சலசலக்கும் ஓடை. இந்தக் காட்டுப் பகுதியில் வெயில் நேரடியாக விழாது. ஒக்டோபர், நவம்பரில் இலையும் கஸ்தான் கொட்டைக் கோதுகளும் ஈரத்தோடு ஒட்டிக் கிடக்கும். வீதி காய்ந்துவிட்டது என்று மேட்டில் நினைத்தவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள். பின் செர்னே ஊர், சுவாசெல், திரும்ப சன்-ரெமி. மொத்தம் 30 முதல் 35 கிலோமீற்றர், ஏற்றம் எல்லாம் கூட்டினால் 400 மீற்றர் அளவில். செவ்ரூசிலிருந்து செர்னே வழியாக ரொம்புய்யே போகும் டி906இல் கார்கள் வேகமாக ஓடும். அதைத் தவிர்த்துச் சிறு வீதிகளைப் பிடியுங்கள். 2024 ஒலிம்பிக் வீதிப் போட்டி இந்தப் பள்ளத்தாக்கு வழியாகவே ஓடியது. 273 கிலோமீற்றர் ஓடி பெல்ஜிய வீரர் ரெம்கோ எவனெபுல் தங்கம் வென்ற அதே நிலம் உங்கள் உறுப்பினர்களுக்கு ஒரு ரயில் பயணத் தூரத்தில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

வீதி விதிகளில் எங்களவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒன்றில்தான்: வலப்பக்க முன்னுரிமை. இந்தப் பள்ளத்தாக்கின் ஊர்களுக்குள் கோடும் பலகையும் இல்லாத சந்திகள் நிறைய. அங்கே வலப்பக்கச் சந்திலிருந்து வரும் கார் நிற்காமலே வரும். உங்கள் வீதி அகலமாக இருந்தாலும் முன்னுரிமை அதற்கே. மஞ்சள் சாய்சதுரப் பலகை இருந்தால் உங்கள் வீதிக்கு முன்னுரிமை. அதன்மேல் கறுப்புக் கோடு விழுந்தால் அது முடிந்தது. ஊருக்குள் நுழையும் இறக்கத்தில் இதைக் கவனியுங்கள். மற்றவை பலருக்கும் தெரியும்: இருவராகச் சோடி போட்டு ஓடலாம், வாகனம் முந்த வந்தால் ஒற்றை வரிசை. முந்தும் வாகனம் ஊருக்குள் 1 மீற்றரும் வெளியே 1.5 மீற்றரும் இடைவெளி விட வேண்டும். காதில் இயர்போன் கூடாது. இருட்டிலும் பனிமூட்டத்திலும் ஊருக்கு வெளியே ஒளிர் மேலங்கி கட்டாயம். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் சட்டம். உங்கள் கழகத்தில் அது எல்லாருக்கும் விதியாகட்டும்.

ரயர் ஒட்டை (பஞ்சர்) பற்றி நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழு ஓட்டங்கள் பாழாவது அதில்தான். பாரிசைச் சுற்றியுள்ள வயல் மண்ணில் சிக்கிமுக்கிக் கல் துண்டுகள் உண்டு. மழை அவற்றை வீதியோரத்துக்கு அடித்து வரும். ஈர ரப்பரை அவை இலகுவாக வெட்டும். மழைக்கு மறுநாள் வீதியின் ஓர விளிம்பை விட்டுச் சற்று உள்ளே ஓடுங்கள். ஒட்டையானால்: பின்சில்லு என்றால் முதலில் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றுங்கள். தட்டு (டிஸ்க்) பிறேக் உள்ள சைக்கிளில் சில்லு கழன்றிருக்கும்போது பிறேக்கைத் தொடவே கூடாது. கட்டைகள் ஒட்டிக்கொள்ளும், சில்லு திரும்ப ஏறாது. ரயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி ரியூபை உருவுங்கள். பழைய ரியூபுக்குக் காற்றடித்து ஒட்டை எங்கே என்று பார்த்து, வால்விலிருந்து அதே தூரத்தில் ரயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவுங்கள். பெரும்பாலும் அங்கே நெல்மணி அளவு கல் குத்தி நிற்கும். ரயரில் எழுதியிருக்கும் பெயரை எப்போதும் வால்வுக்கு நேராக வைத்துப் பூட்டினால் இந்தத் தேடல் அரை நிமிடத்தில் முடியும். கல்லை எடுக்காமல் புது ரியூபைப் போட்டால் இரண்டு கிலோமீற்றரில் மறுபடி நிற்பீர்கள். புது ரியூபுக்கு உருண்டு வரும் அளவுக்கு மட்டும் காற்று வைத்து உள்ளே இட்டு, ரயர் விளிம்பைக் கையாலேயே ஏற்றி, கடைசியாக வால்வு இருக்கும் இடத்தில் முடியுங்கள். வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி இழுத்துவிட்டுக் காற்றடியுங்கள். 16 கிராம் வாயுக் குப்பி ஒன்று 28 மில்லிமீற்றர் ரயருக்குப் போதும். அந்த வாயு ஒரு நாளில் கசிந்துவிடும் என்பதால் வீட்டுக்குப் போய்ச் சாதாரணக் காற்று மாற்ற வேண்டும்.

ஆளுக்கு இரண்டு ரியூப், இரண்டு நெம்பி, ஒரு கைப்பம்பு. குழுவுக்கு ஒரு செயின் இணைப்பு. ஆழமான றிம் உள்ளவர் தன் வால்வு நீளத்துக்கேற்ற ரியூபைத் தானே கொண்டு வரட்டும். கடன் வாங்கிய குட்டை வால்வு வெளியே எட்டாது. காற்றழுத்தம்: 28 மில்லிமீற்றர் ரயர், 70 கிலோ ஆள் என்றால் சுமார் 5 பார். பாறைபோல இறுக்கி அடித்தால் வேகம் கூடாது, ஈர வீதியில் பிடிமானம்தான் குறையும். உட்கொக்கி இல்லாத புதுவகை றிம்களில் 5 பாருக்கு மேல் எக்காரணம் கொண்டும் போகாதீர்கள், ரயர் கழன்று பறக்கலாம். பழைய சைக்கிள் வாங்கும் உறுப்பினர்களுக்கு, முன்னே சிறிய பல்சக்கரத்தில் 34 பல், பின்னே பெரிய பல்சக்கரத்தில் 32 பல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 39க்கு 25 என்று பூட்டிய மலிவான பந்தய சைக்கிள் இந்த ஏற்றங்களில் முழங்காலைத் தின்றுவிடும்.

சாப்பாடு: புறப்படுவதற்கு மூன்று மணிநேரம் முன்பு புட்டோ இடியப்பமோ போதும். ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து, அரை லீற்றருக்குக் குறையாமல் தண்ணீர். வாழைப்பழம் ஒன்று சுமார் 25 கிராம் தரும். லாச்சப்பல் ரோல்சும் வடையும் ஓட்டம் முடிந்த பிறகு. எங்கள் மக்களிடையே நீரிழிவு அதிகம் என்பதால் இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள்: இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர் மருத்துவரிடம் கேட்டுவிட்டே வரட்டும். 15 கிராம் சீனிக்குச் சமமான ஏதாவது அவர் சட்டைப் பையில் இருக்கட்டும், குழுவில் இன்னொருவருக்கும் அது தெரியட்டும். நடுக்கம், வேர்வை, சம்பந்தமில்லாத பேச்சு கண்டால் ஏற்றத்தின் நடுவிலானாலும் நிறுத்துங்கள். அவசர இலக்கம் 112.

இதுவரை சைக்கிளே ஏறாதவர்களுக்கு முதல் சில வாரம் ஊர்க் (Ourcq) என்ற கால்வாயின் ஓரப் பாதை. லா விலெட்டிலிருந்து பொபினி, செவ்ரோன் வழியாக கிளே-சூயி வரை சமதரை, கார் இல்லை. நடப்பவர்களும் பிள்ளைகளும் நிறைந்த பாதை என்பதால் அங்கே வரிசை கட்டி வேகம் பிடிக்கக் கூடாது.

செவ்ரூஸ் பழகியவர்களுக்கு அடுத்து போர்-ருவாயால்: டொம்பியேரிலிருந்து பதினேழு வளைவுகளை ஏறி, அதே டி91இல் போய், பதினான்காம் லூயி இடித்துத் தள்ளிய மடத்தின் பள்ளத்துக்குள் இறங்கி மறுபக்கம் ஏற வேண்டும். திரும்பி வரும் மேட்டுநிலத்தில் மறைப்பே இல்லை. மேற்குக் காற்று வீசும் நாளில் முதலில் காற்றுக்கு எதிரே போய், களைத்த பிறகு காற்றோடு வரும்படி சுற்றின் திசையை வையுங்கள். அதற்கும் பிறகு பாரிசுக்கு வடமேற்கே வெக்சன்: சன்-லசார் நிலையத்திலிருந்து மொந்த்-லா-ஜோலிக்கு ரயில், ஓவியர் மொனே வாழ்ந்த வெத்தூய், சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து கட்டிய அயுத்-ஈல் தேவாலயம், லா ரோஷ்-கியோன் கோட்டை, ஜிவெர்னி, வெர்னோனிலிருந்து ரயிலில் திரும்பல். சுமார் 40 கிலோமீற்றர். லா ரோஷ்-கியோனுக்கு மேலே பாறை முகட்டில் ஓடும் வீதியில் ஏறினால் சேன் நதியின் பெரிய வளைவு முழுதாகத் தெரியும். அதை விட்டுவிட்டு வராதீர்கள். இலையுதிர் காலத்தில் இங்கே பீற்றூட் ஏற்றிய உழவு இயந்திரங்கள் சேற்றை வீதியில் அப்பிவிட்டுப் போகும். அந்த மாதங்களில் செவ்ரூசே மேல்.

பெண்களுக்குத் தனிக் குழு வேண்டுமா, கலந்த குழுவா என்பதை அவர்களிடமே கேளுங்கள். எதுவானாலும் அதே நாள், அதே ரயில், அதே வழி. வேகத்தால் குழு பிரியுங்கள், வயதாலோ பாலாலோ அல்ல. ஒவ்வொரு குழுவிலும் வழி தெரிந்தவர் முன்னால், ஒட்டை மாற்றத் தெரிந்தவர் கடைசியில்.

உங்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை ஒரு பிரேரணையாக வையுங்கள். ஏற்றுக்கொள்ளும் கழகத்துக்கு நான்கு சுற்றுகளின் ஜிபிஎக்ஸ் (வழித்தட) கோப்புகளையும் தருவோம். முதல் இரண்டு ஞாயிறுகளிலும் முன்னால் ஒருவரும் கடைசியில் ஒருவருமாக எங்களில் இருவர் வருவோம். ஏப்ரல் தொடக்கத்தில் முதல் ஓட்டத்தை வைத்தால் வெயிலும் மழையும் அளவாக இருக்கும்.

அன்புடன்,
பாரிஸ் பகுதியில் சைக்கிள் ஓட்டும் தமிழர்கள் சிலர்