மியாற்றா வாங்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று விளம்பரங்களையும் பார்த்தேன். 1991, 2010, 2017. மூன்றும் மஸ்டா மியாற்றா, மூன்றும் இரண்டு சீற், மூன்றிலும் கியர் நாங்கள்தான் மாற்ற வேண்டும், அதோடு ஒற்றுமை முடிந்தது. அப்பா முதல் படத்தைப் பார்த்துவிட்டு "நாங்கள் இரண்டு பேரும் வன்கூவருக்கு வந்தால் ஒராள் எங்கே இருப்பது?" என்று கேட்டார். அவரை விடு. இங்கே ஒன்ராறியோவில், ஸ்காபரோவில் ஒரு கராஜின் முன்மேசையில் இத்தனை வருஷம் இருந்து பில் எழுதி, பார்ட்ஸ் ஓடர் பண்ணி, சனத்தின் கார்க் கவலையெல்லாம் கேட்டவள் என்ற முறையில் சொல்கிறேன்: 2010ஐ எடு. "சும்மா ஒப்பிட்டுப் பார்க்க" என்று கடைசியில் மனமில்லாமல் அனுப்பினாயே, அதைத்தான்.

முகத்தைச் சுளிக்காதே, காரணத்தைக் கேள்.

முதல் காரின் மேல் உனக்கிருக்கும் ஆசை எனக்கு விளங்குகிறது. சுவிட்சைப் போட்டதும் அந்த ஹெட்லைற் இரண்டும் எழும்பி வருவது வடிவுதான், யார் இல்லை என்றது? 1989 பெப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் அந்தக் காரைக் காட்டியபோது சின்னத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் செய்கிற வேலையைப் பெரும்பாலான கம்பனிகள் கைவிட்டிருந்தன. இங்கிலாந்தின் எம்ஜிபி 1980இலேயே நின்றுவிட்டது. பழைய லோட்டஸ் எலான் அதற்கும் முன்னரே போய்விட்டது. அந்த மாதிரியான காரை ஒயில் ஒழுகாமல், மழைநாளில் ஸ்ராட் ஆக மறுத்து மக்கர் பண்ணாமல் மஸ்டா செய்து காட்டியது. 1.6 லீற்றர் எஞ்சின், 116 குதிரைவலு, நிறை 1000 கிலோவுக்குள். இன்றைக்கு 116 என்றால் சிரிப்பு வரும், ஆனால் அவ்வளவு குறைந்த நிறைக்கு அது போதும், வேகமாகப் போகாமலே வேகமாகப் போகிற சந்தோஷத்தைத் தரும் கார் அது. இதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

என் சண்டை விலையோடு. விற்பவன் கேட்கிற காசில் பாதி அந்த லைற்றுக்கான காசு. கொஞ்ச வருஷம் முந்தி எங்கள் கராஜுக்கு இந்தக் காரைக் கொண்டுவந்தவர்கள் திருத்தச் செலவைக் கேட்டுவிட்டு "வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்று ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இப்போது அதே கார்கள் பழைய சாமான் என்ற நிலையிலிருந்து சேகரிப்புப் பொருளாகிவிட்டன. பின்னாளில் உனக்கும் கூட விலை கிடைக்கலாம், ஆனால் நீ வேலைக்குப் போய்வரத்தானே கார் தேடுகிறாய்?

அந்த விளம்பரத்தில் ஒரு வரி இருக்கிறது, நீ கவனித்தாயோ தெரியாது: கார் முன்பு ஒன்ராறியோவில் இருந்ததாம். வன்கூவரில் ரோட்டுக்கு இங்கே மாதிரி உப்புக் கொட்டுவதில்லை என்று நீ சந்தோஷப்படலாம், ஆனால் இங்கே குடித்த உப்பை அது அங்கே போய் மறந்திருக்காது. முதல் இரண்டு தலைமுறை மியாற்றாவிலும், அதாவது என்ஏ, என்பி என்று சொல்வார்களே அவற்றில், பின்சில்லுக்கு முன்னால் கதவுக்குக் கீழே ஓடும் பாகம்தான் முதலில் கறள் பிடிக்கும். அதிலும் கள்ளத்தனம் என்னவென்றால், அது உள்ளேயிருந்து வெளியே வருகிற கறள். கூரையில் விழும் மழைத்தண்ணீர் சீற்றுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு வடிகால் குழாய்களால் கீழே இறங்க வேண்டும். இலையும் குப்பையும் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கி நிற்கும். வெளியில் ஒரு சின்னக் கொப்புளம் தெரிகிறபோது உள்ளே தகரம் முடிந்திருக்கும். அதை வெட்டி எடுத்து வெல்ட் பண்ணாமல் புட்டி பூசிப் பெயின்ற் அடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் புட்டியில் ஒட்டாது.

1991 என்பதால் இன்னொன்று. தொடக்கத்தில் வந்த 1.6 எஞ்சின்களில், 1991இன் முற்பகுதி வரைக்கும், எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கின் மூக்குப் பகுதி, அதாவது முன்முனை, கட்டை. அங்கே இருக்கும் போல்ற் இளகினால் புல்லியைக் கிராங்கோடு பிடித்து வைக்கும் சாவித்துண்டு தேய்ந்து கிராங்கையே கெடுத்துவிடும். முன்னால் இருக்கும் புல்லியில் நான்கு வெட்டு இருந்தால் கட்டை மூக்கு, எட்டு இருந்தால் பிறகு திருத்தியது. எல்லாக் கட்டை மூக்கும் கெட்டுப்போவதில்லை, ஆனால் ரைமிங் பெல்ற் மாற்றும்போது அந்த போல்ற்றை யாராவது சரியாக இறுக்காமல் விட்டிருந்தால் முடிந்தது கதை. பெல்ற்றை 100,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா மாற்றச் சொல்லியிருக்கிறார்கள், ஆக இதுவரை எத்தனை கை அதில் பட்டிருக்கும் என்று யோசி.

"பழைய கார் சிம்பிள் அம்மா, யாரும் திருத்தலாம்" என்று நீ எழுதியிருந்தாய். சிம்பிள்தான். நான் வளர்ந்ததே அப்படியான கார்களோடு. பொருளாதாரத் தடை காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல் ஒஸ்ரின் ஏ40உம் மொரிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடியதை உனக்குச் சொல்லியிருக்கிறேன். காபரேற்றருக்குள் துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள், பின்னால் ஒரே புகை. உன் அம்மப்பாவின் ஏ40ஐ அப்படித்தான் ஓட்டினோம். ஆனால் அது ஓடினதற்குக் காரணம் ஒழுங்கைக்கு ஒரு ஆள் அந்தக் காரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவராக இருந்தது, அவர் கூலியாக அரைப் போத்தல் மண்ணெண்ணெயை வாங்கிக்கொண்டு போனது. வன்கூவரில் மணித்தியாலத்துக்குக் கராஜ் கேட்கும் கூலிக்கு அந்த சிம்பிள் கார் சிம்பிளாகத் தெரியாது. நீயே கையில் ஸ்பானரோடு படுப்பாய் என்றால் வேறு கதை. உன்னைத் தெரியும், ரயரில் காற்றுப் பார்க்கவே அப்பாவுக்குப் போன் எடுப்பாய்.

பார்ட்ஸ் கிடைக்காது என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன், அது பொய். மியாற்றாவுக்குச் சாமான் தாராளமாகக் கிடைக்கும். 2017இல் யப்பானில் மஸ்டாவே முதல் தலைமுறையைப் புதுப்பித்துத் தரும் வேலையை அறிவித்து, நிறுத்திய பாகங்களைத் திரும்பச் செய்யத் தொடங்கியது.

உன் சிநேகிதன் சொன்ன யப்பான் இறக்குமதி பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவில் 15 வருஷம் தாண்டின காரை வெளிநாட்டிலிருந்து இறக்கலாம், அதனால்தான் உங்கள் பக்கம் யூனோஸ் ரோட்ஸ்ரர் என்ற பெயரில் வலதுபக்க ஸ்ரியறிங்கோடு இதே கார் ஓடித் திரிகிறது. வலதுபக்கம் எனக்குப் பழக்கம், உனக்கு இல்லை. முன்னால் ஒரு லொறி போனால் முந்துவதற்கு எதிர்ப்பக்கம் பார்க்க முடியாது, அவ்வளவுதான் சொல்வேன். யப்பானிலும் வடக்கே பனிக்கு உப்புப் போடுகிறார்கள், "யப்பான் கார், கறளே இல்லை" என்று கண்ணை மூடி நம்பாதே.

இரண்டாம் தலைமுறையை நீ அனுப்பவே இல்லை. லைற் மடங்காது என்றபடியாலா? 140 குதிரைவலு 1.8, பின்னால் பிளாஸ்ரிக்குக்குப் பதிலாக உண்மையான கண்ணாடி, விலையும் குறைவு. உப்புப் படாத ஒன்று கிடைத்தால் நல்ல கார். ஆனால் அதில் முன்பக்கச் சட்டங்களும் கறள் பிடிக்கும், ஆகவே அனுப்பாததே நல்லது.

இனி 2017, நான்காம் தலைமுறை. இதை ஓட்டிப் பார்த்தால் நீ திரும்ப வர மாட்டாய், அதனால்தான் ஓட்டிப் பார்க்காதே என்கிறேன். மூன்றாம் தலைமுறையில் ஏறிய நிறையைக் குறைத்து 1060 கிலோ அளவுக்குக் கொண்டுவந்தார்கள், 155 குதிரைவலு, 2016இல் உலகின் சிறந்த கார் விருதும் எடுத்தது. ஓட்டுவதில் மூன்றிலும் இதுதான் மேல், நேர்மையாகச் சொல்கிறேன். ஆனால் 2016, 2017 கார்களில் கியர்பொக்ஸ் உடைந்த கதைகள் கனக்க, மஸ்டா அதைப் பிறகு திருத்திக்கொண்டே வந்தது. வாங்குவதென்றால் 2019இலிருந்து வாங்க வேண்டும். அதில்தான் வலு 181 ஆனது, ஸ்ரியறிங்கைக் கிட்ட இழுக்கவும் முடிகிறது, உன் உயரத்துக்கு அது வேண்டும். 2019இன் விலையைப் பார்த்துவிட்டு நீ 2017க்கு இறங்கியிருக்கிறாய், அப்படித்தானே? அதற்கும் வங்கிக் கடன். கடனில் வாங்கிய திறந்த காரை வெளியில் நிறுத்திவிட்டு இரவு நித்திரை கொள்ளாமல் கிடக்கப் போகிறாய். பிறகு, அந்தக் காரில் ஒரு குளோவ் பொக்ஸ் இல்லை என்று உனக்குத் தெரியுமா? இருபத்தோராம் நூற்றாண்டில் ஒரு காரைச் செய்துவிட்டு இன்சூரன்ஸ் கடதாசியை எங்கே வைப்பது என்று யோசிக்காமல் விட்டிருக்கிறார்கள், சீற்றுக்கு நடுவில் பின்னால் ஒரு பெட்டி, கையைத் திருகிக்கொண்டு எடுக்க வேண்டும்.

சரி, 2010க்கு வருகிறேன். என்சி என்று சொல்கிற மூன்றாம் தலைமுறை. இதை ஒருவரும் விரும்புவதில்லை. பெருத்துவிட்டது, சில்லுக்கும் உடம்புக்கும் நடுவில் இடைவெளி அதிகம், உயரமாக நிற்கிறது, முகம் சிரிக்கிறது, இப்படி எத்தனையோ குறை. குறையெல்லாம் உண்மைதான். ஆனால் இதே கார் வந்த காலத்தில் 2005-2006க்கான யப்பானின் சிறந்த கார் விருதை எடுத்தது, அதை இப்போது யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. விரும்பாததால் விலை கீழே கிடக்கிறது. முதல் தலைமுறைக்கு ஆசை விலையை ஏற்றுகிறது, கடைசித் தலைமுறைக்குப் புதுமை ஏற்றுகிறது, நடுவில் இருக்கும் பிள்ளையை ஒருவரும் பார்ப்பதில்லை. நீயும் எங்கள் வீட்டில் நடுப்பிள்ளை, உனக்கு விளங்க வேண்டும்.

2.0 லீற்றர், 167 குதிரைவலு. ரைமிங் பெல்ற் இல்லை, செயின், அந்தச் செலவு போச்சு. மஸ்டா 3இல் வந்த அதே குடும்பத்து எஞ்சின், ஆகவே எந்தக் கராஜும் கண்டு பயப்படாது. 2009இல் முகத்தை மாற்றியபோது உள்ளேயும் மாற்றினார்கள்: கிராங்கை அடித்து உருவாக்கிய உறுதியான உருக்கில் செய்து, எஞ்சின் நிமிஷத்துக்கு 7200 தரம் வரை சுற்றும்படி விட்டார்கள். ஆகவே 2006, 2007ஐவிட உன்னுடைய 2010 ஒரு படி மேல். ஒயில் மட்டும் மாதத்துக்கு ஒருக்காப் பார், இந்த எஞ்சின் ஒயில் குறைவாக ஓடுவதை மன்னிக்காது.

படத்தில் இருப்பது மடங்கும் கெட்டிக்கூரை மாதிரித் தெரிகிறது, அது உனக்கு அதிர்ஷ்டம். 12 செக்கனில் மடங்கும், நின்றால்தான் மடங்கும், டிக்கியின் இடத்தைத் தின்னாது, துணிக்கூரையைவிட 40 கிலோவுக்குள்தான் கூட. மழை நகரத்தில் வெளியில் நிற்கப் போகிற கார், துணியென்றால் உள்ளே இருக்கும் பத்து டொலர் சாமானுக்காகக் கத்தியால் கீறிவிட்டுப் போவார்கள். துணிக்கூரையாக இருந்தால் கதவைப் பூட்டுவதைவிட உள்ளே ஒன்றும் வைக்காமல் இருப்பது மேல்.

என் பக்கத்துக் காரணமும் ஒன்று. 1991இல் பக்கத்து சீற்றுக்கு எயார்பாக் இல்லை, 1994 மாடலில்தான் வந்தது. அந்த சீற்றில் இருக்கப் போவது நான். 2010இல் அது மட்டுமல்ல, பக்கவாட்டிலும் இருக்கிறது. சறுக்கும்போது காரைத் தானே நிமிர்த்தும் கட்டுப்பாடு இருக்கிறதா என்று விற்பவனிடம் கேள், அது கனடாவில் கட்டாயமானது 2011 செப்ரெம்பரிலிருந்து செய்த கார்களுக்குத்தான், 2010இல் எல்லாவற்றிலும் வராது. இருந்தால் கூடக் காசு கொடுக்கலாம். பனிமலை ஊரான விசிலருக்கு 99ஆம் ரோட்டில் போக ஆசை என்றாய், ஒக்ரோபர் முதல் மார்ச் வரை அங்கே குளிர்கால ரயர் கட்டாயம், அதற்கும் இப்போதே காசு ஒதுக்கு. தனியாளிடம் வாங்கினாலும் உங்கள் மாகாணத்தில் 12 சதவீத வரி உண்டு, அதையும் மறந்துவிட்டு விலை பேசாதே.

பார்க்கப் போகும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்று முதல்நாளே சொல்லிவிடு. நீ போய்ச் சேர முன்னர் அவன் சூடாக்கி வைத்திருந்தால் குளிரில் வரும் சத்தத்தை மறைக்கிறான் என்று வைத்துக்கொள். பொன்னற்றைத் தொட்டுப் பார். கூரையை மூன்று நான்கு தரம் திறந்து மூடச் சொல். ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுபோய் கூரையின் வடிகாலில் ஊற்று, சில்லுக்கு முன்னால் கீழே சொட்ட வேண்டும், சொட்டாவிட்டால் கம்பளத்தைத் தடவிப் பார். காரைத் தூக்கி அடியைப் பார்க்க ஒரு கராஜுக்குக் கொண்டுபோக விடுவானா என்று போனிலேயே கேள். விடமாட்டேன் என்றால் அங்கே போகவே வேண்டாம், வேறு 2010 வரும், இதை வாங்க ஆக்கள் அடிபடுவதில்லை.

அன்புடன்,
அம்மா