இரண்டாம் பிரதமருக்கு ஒரு பாடம் தாருங்கள்

மதிப்புக்குரிய கல்விச் சபையினருக்கு,

வணக்கம். போன கிழமை என் மகளின் வகுப்புச் சுவரில் கனடியப் பிரதமர்களின் படங்களை வரிசையாக ஒட்டியிருந்தார்கள். இரண்டாம் இடத்தில் இருந்தவர் ஐம்பது டொலர் தாளில் இருக்கும் மக்கென்சி கிங். இருக்க வேண்டியவர் அலெக்சாண்டர் மக்கென்சி. சொன்னேன். "பாடத்தில் அவருக்கு இரண்டு வரிதானே" என்றார்கள்.

அந்த இரண்டு வரியை ஒரு முழுப் பாடமாக்கித் தரும்படி கேட்கிறேன்.

1842இல் ஸ்கொட்லாந்திலிருந்து கிங்ஸ்ரனுக்கு வந்தபோது அவருக்கு 20 வயது. கல் கொத்துவது தொழில். அந்த ஊர்க் கல்லுக்கு அவருடைய உளிகள் எடுபடவில்லை. புதிது வாங்கக் காசில்லை. கட்டட வேலைக்குக் கூலியாளாகப் போனார். கோடை முழுக்க உழைத்த பிறகு, கொந்தராத்துக்காரர் கையை விரித்துவிட்டு, சம்பளத்துக்குப் பதிலாகக் கடன் சீட்டு எழுதிக் கொடுத்தார். அது ஒரு சதத்துக்கும் உதவவில்லை.

நானும் இங்கே வந்த புதிதில் மூன்று கிழமை ட்றைவோல் (சுவருக்குப் பலகை அடிக்கும்) வேலை செய்தேன். கிடைத்த செக் வங்கியிலிருந்து திரும்பி வந்தது. மடிப்பில் கிழியும்வரை அதைப் பர்ஸுக்குள் வைத்திருந்தேன். மக்கென்சி தன் சீட்டை எவ்வளவு காலம் வைத்திருந்தாரோ.

அப்புறம் மொன்றியலுக்கு அருகே கால்வாய் வேலையில் ஒரு தொன் கல் விழுந்து கால் நசுங்கியது. அந்தக் காலுக்குப் பழைய பலம் திரும்பவேயில்லை. சார்னியாவில் கட்டடம் கட்டி, 1861இல் சட்டசபைக்குப் போய், 1873இல் பிரதமரானார். ரகசிய வாக்கெடுப்பும் உச்ச நீதிமன்றமும் அவர் ஆட்சியில் வந்தவை. 'சேர்' பட்டத்தை மூன்று முறை மறுத்தார். பொதுப்பணி அமைச்சையும் தானே வைத்திருந்ததால், கொந்தராத்து கேட்டு வாசலில் நின்றவர்களுக்குத் தப்பிப் போக அலுவலகத்தில் ஒரு ரகசியப் படிக்கட்டு வைத்துக்கொண்டார். அந்த ஆட்களை அவருக்குத் தெரியாதா?

ரயில்பாதை ஊழலில் பதவி விலகிய முதற் பிரதமர் மக்டோனல்டுக்குப் பக்கம் பக்கமாக இடமிருக்கிறது. இவரும் கொஞ்சம் கைநீட்டியிருக்கலாம். நாலு வரி கூடக் கிடைத்திருக்கும். குடிவந்தோரின் உழைப்பைக் கொண்டாடுகிறோம் என்று ஆண்டுதோறும் எங்களிடம் வடை கேட்கிறீர்கள். சுட்டுத் தருகிறோம். உழைப்பு மட்டும் பாடத்துக்குள் வராது.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டுவிட்டேன். அடுத்த ஆண்டுப் பாடத்திட்டத்தில் அவருக்கு ஒரு முழுப் பாடம் தாருங்கள். படத்தையாவது இந்தக் கிழமையே மாற்றிவிடலாம். அடையாளம் சுலபம்: மக்கென்சிக்குத் தாடி உண்டு, கிங்குக்கு இல்லை.

பணிவுடன்,
ஒரு மாணவியின் தகப்பன்