இலங்கை மலைநாட்டில் எல்லவுக்கு வருகிற மகனுக்கு

அன்புள்ள தம்பி,

புதுவருட லீவுக்குக் கூட வேலை செய்கிற நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், எங்கே போகலாம் என்று நேற்று கேட்டாய். சிக்னல் விட்டுவிட்டு வந்ததில் பாதிகூடச் சொல்ல முடியவில்லை. பத்து வயதில் ஹொஸ்டலுக்குப் போனவன் நீ, மலை உனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதல் நாளே எல்ல ரொக் மலை ஏற வேண்டாம். சின்ன சிவனொளிபாத மலை போதும். பசறை ரோட்டால் போய்த் திரும்பினால் தேயிலைக்குள்ளால் பாதை, கடைசியில் படிக்கட்டு, 1,141 மீட்டர்தான், டவுனிலிருந்து மெதுவாக நடந்தாலும் ஒரு மணித்தியாலம் போல ஆகும். விடியற்காலையில் ஏறு. சித்திரையில் மத்தியானத்துக்குப் பிறகு இடி இடிக்கும், அந்த நேரம் மொட்டை உச்சியில் யாரும் நிற்கக் கூடாது.

அந்தப் பாதையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் தம்பி. தேயிலைக்குள் போகிற பாதையெல்லாம் நாங்கள் வேலைக்கு நடக்கிற பாதை. போன வருடம் ஒரு நாள் கொழுந்து சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு நிறுவைக்கு இறங்கிக்கொண்டிருந்தேன், இடுப்பில் கட்டின படங்குச் சாக்கு நனைந்து காலில் ஒட்டிக்கொண்டு கிடந்தது, முன்னால் ஏழெட்டுப் பேர் பாதையை அடைத்துக்கொண்டு படம் எடுத்தார்கள். இரண்டு தரம் கேட்டுப் பார்த்தேன், ஒருவரும் நகரவில்லை. விலகித் தண்ணீர் ஓடுகிற கானில் கால் வைத்தேன், பிரண்டு விழுந்தேன். கொழுந்து பாதி சேற்றில் கொட்டிவிட்டது. கணுக்கால் வீங்கி நாலு நாள் வேலைக்குப் போகவில்லை, பேர் விழவில்லை, அந்த நாள் சம்பளமும் இல்லை. உனக்கு அப்போது சொல்லவில்லை, கவலைப்படுவாய் என்று. உன் கூட்டாளிகளுக்கு முதலிலேயே சொல்லிவிடு: எதிரே சாக்கோடு ஆள் வந்தால் மேட்டுப் பக்கம் ஒதுங்கி வழி விட வேண்டும், முகத்துக்கு நேரே போனை நீட்டக் கூடாது, கேட்டுவிட்டு எடுக்கட்டும்.

இரண்டாம் நாள் எல்ல ரொக் போங்கள். ஸ்டேஷனிலிருந்து பண்டாரவளைப் பக்கமாகத் தண்டவாளத்தோடு அரை மணித்தியாலத்துக்கு மேல் நடக்க வேண்டும், அப்புறம் இடது பக்கம் இறங்கி, ஓடையைத் தாண்டி, தேயிலை, மானாப்புல், அதற்கு மேலே யூக்கலிப்டஸ் காடு, அங்கேதான் மூச்சு வாங்கும். போய்வர நாலு மணித்தியாலம் வைத்துக்கொள். காதில் எதையும் மாட்டிக்கொண்டு தண்டவாளத்தில் நடக்காதே. வளைவில் ரயில் வருவது கண்ணுக்குத் தெரியாது, சத்தம்தான் முதலில் வரும். மழை பெய்திருந்தால் அட்டை இருக்கும், சவுக்காரத்தை, சோப்பைத்தான், நனைத்து முழங்கால் வரைக்கும் பூசிக்கொள்ளுங்கள்.

ஒன்பது வளைவுப் பாலம் கட்டாயம் பார்க்கத்தான் வேண்டும். 1921இல் கட்டினது, இரும்பு சேர்க்காமல் கல், செங்கல், சிமெந்து மட்டும், இன்றைக்கும் ரயில் அதன்மேல்தான் போகிறது. கூட்டத்தைப் பார்த்து நீயும் பாலத்து விளிம்பில் உட்காராதே, சுரங்கத்துக்குள்ளும் நிற்காதே. மேலே தேயிலைக் கரையில் நின்றால் பாலம் முழுவதும் தெரியும், அதுதான் நல்ல இடம். அங்கேயிருந்து தெமோதரை பக்கம்தான், ரயில் பாதை வட்டமாகச் சுற்றி அந்த ஸ்டேஷனுக்கு அடியாலேயே போகும், உன் அப்பா சின்ன வயதில் உன்னைத் தோளில் வைத்துக் காட்டினது ஞாபகம் இருக்கிறதா?

இராவணன் நீர்வீழ்ச்சியில் குளிக்கிற பேச்சே வேண்டாம். ரோட்டோரமாக இருக்கிறதால் இறங்கலாம் என்று தோன்றும், பாறை பாசி பிடித்து வழுக்கும், பழக்கமில்லாதவர்கள் எத்தனையோ பேர் அங்கே செத்திருக்கிறார்கள். தியலும நீர்வீழ்ச்சி பார்க்க ஆசைப்பட்டால் கொஸ்லந்தை பக்கம் போக வேண்டும், 220 மீட்டர் உயரம். ஆனால் விடாமல் மழை பெய்தால் போகவே வேண்டாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மலை சரிந்து, லயத்து வரிசை வீடுகளோடு சனம் மண்ணுக்குள் போனது அந்தப் பக்கம்தான். அன்றையிலிருந்து இரவில் பெருமழை கேட்டால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ரூம் டவுனிலேயே போட்டுக்கொள்ளுங்கள், நம் லயத்து வீட்டில் ஐந்து பேர் படுக்க இடம் பத்தாது. ஆனால் மலை இறங்கி வருகிற அன்றைக்குச் சாப்பாடு இங்கேதான். உன் கூட்டாளிகளைக் கூட்டிவரக் கூச்சப்படாதே, நீ வளர்ந்த வீடு இது. ரொட்டியும் கட்டச்சம்பலும் செய்கிறேன். சம்பலில் மாசிக் கருவாடு சேர்க்கலாமா, யாராவது மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லு, சம்பளம் எடுத்துக் கடைக்குப் போவது அன்றைக்குத்தான்.

அம்மா