ஒரு கல்யாணத்துக்கு யாரு மண்டபம் கட்டுவா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கரண்ட் எடுக்க கடல்ல காத்தாடி போடுறத பத்தி உங்க பத்திரிகையில வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா எல்லா பார்ட்ஸையும் இந்தியாவுலயே செய்யணும்னு ஒரு வரியில சொல்லிட்டு தாண்டிப் போயிட்டீங்க சார், மொத்த சிக்கலும் அந்த ஒரு வரிக்குள்ளதான் கெடக்கு. நான் வள்ளியூர் பக்கம் சின்னதா ஃபேப்ரிகேஷன் பட்டறை வச்சிருக்கேன், காத்தாடி டவருக்கு உள்ள வர்ற ஏணி, பிளாட்ஃபார்ம், கேபிள் கிளாம்ப் செஞ்சு குடுக்குற வேலை, அதனால கொஞ்சம் உரிமையோட எழுதுறேன்.

1986-ல தூத்துக்குடி பக்கம் மொதமொதல்ல நிறுத்துன காத்தாடிங்க வெறும் 55 கிலோவாட்தான், அதுவும் வெளிநாட்டு சரக்கு. அப்புறம் வருமான வரியில தேய்மானச் சலுகை கெடைக்குதுன்னு மில்காரங்க முப்பந்தல்ல வரிசையா வாங்கி நிறுத்துனாங்க, வருஷா வருஷம் ஆர்டர் வந்துச்சு, அத நம்பி கோயம்புத்தூர்ல காஸ்டிங், கியர்பாக்ஸ், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் டவர் உச்சியில உக்கார்ற மிஷின் பெட்டியான நாசெல்னு ஒவ்வொண்ணா வந்து சேர்ந்துச்சு. இன்னைக்கு தூத்துக்குடி துறைமுகத்துல இருந்து றெக்கை வெளிநாட்டுக்கே கப்பல் ஏறுது. ஆர்டர் நிக்காம வந்ததுதான் காரணம், வேற ஒரு ரகசியமும் இல்ல.

கடல் கதை வேற. 80 மீட்டர் றெக்கை ராத்திரியில டிரெய்லர்ல போறத பாத்திருக்கீங்களா, ஒரு ஆள் மூங்கில் கம்போட முன்னாடியே நடந்து கரண்ட் கம்பிய தூக்கி விடுவான், ஒரு ரவுண்டானாவ தாண்ட அரைமணி நேரம் ஆகும். கடல்ல போடுற 15 மெகாவாட் மிஷினுக்கு ஒரு றெக்கையே 115 மீட்டர் கிட்ட வருது, அத எந்த ரோட்ல கொண்டு போவீங்க? ஃபேக்டரியே துறைமுகத்துக்குள்ள, கப்பல் வந்து நிக்கிற பெர்த்த ஒட்டி இருக்கணும். கடல் அடியில அடிச்சு எறக்குற இரும்புக் குழாய் ஒண்ணு ஆயிரம் டன்னுக்கு மேல, அத வைக்கிற தரை அந்த பாரத்த தாங்கணும். கால ஊனி நின்னு இந்த சைஸ் மிஷின தூக்கி வைக்கிற கப்பல் நம்ம நாட்டுக்கு ஒண்ணுகூட கெடையாது, ஐரோப்பாவுல இல்ல சீனாவுல இருந்து வாடகைக்குத்தான் வரணும்.

இப்ப கணக்க பாருங்க. 2015-ல கடல் காத்தாடிக்குன்னு பாலிசி வந்துச்சு, 2018-ல 2030-க்குள்ள 30,000 மெகாவாட்னு சொன்னாங்க, 2024 ஜூன்ல மத்திய அரசு 7,453 கோடி ஒதுக்குச்சு. அதுல தமிழ்நாட்டுக்கு 500, குஜராத்துக்கு 500 மெகாவாட். 500-ஐ 15-ஆல வகுத்தா ஒரு மாநிலத்துக்கு 33 மிஷின் சார், அவ்ளோதான்! அந்த 33-க்காக எவன் ஃபேக்டரி போடுவான், எவன் கப்பல் கட்டுவான்? ஒரு கல்யாணத்துக்காக யாராவது மண்டபம் கட்டுவாங்களா? விட்ட டெண்டரும் 2025-ல ரத்தாயிடுச்சு, அதுல எனக்கு ஆச்சரியமே இல்ல.

உள்நாட்டு சரக்குதான் வாங்கணும்னு சட்டம் போட்டா சரியாயிடும்னு சிலர் சொல்றாங்க. தைவான் அப்படித்தான் கட்டாயம் பண்ணுச்சு, செலவு ஏறுச்சு, ஐரோப்பிய யூனியன் 2024-ல உலக வர்த்தக அமைப்புல புகார் குடுத்துச்சு, தைவான் பின்வாங்க வேண்டியதாப் போச்சு. கட்டாயம் பண்றதுக்கு முன்னாடி, வருஷத்துக்கு இத்தனை மெகாவாட், பத்து வருஷத்துக்கு நிறுத்த மாட்டோம்னு அரசாங்கம் எழுதிக் குடுக்கட்டும், பேங்க்காரன் தானா லோன் குடுப்பான்.

நம்மகிட்ட ஒண்ணுமே இல்லன்னும் சொல்ல முடியாது. கடல்ல எண்ணெய் எடுக்குறவங்களுக்கு காட்டுப்பள்ளி யார்டுல மேடை கட்டுறாங்க, அதே வெல்டிங்தான் இதுக்கும். கொச்சி கப்பல் தளத்துல ஐரோப்பாக்காரன் கடல் காத்தாடிய பராமரிக்கிறதுக்கு கப்பல் கட்டிக் குடுக்குறாங்க, நம்ம கடல்ல ஒரு றெக்கைகூட சுத்தல, இத எங்க போய் சொல்ல. அதனால மொதல்ல துறைமுகம், கப்பல், அப்புறம் கனரக இரும்பு, றெக்கையெல்லாம் அதுக்குப் பின்னாடி.

எங்கள மாதிரி பட்டறைக்காரங்களுக்கு மானியம்கூட வேண்டாம். உப்புக்காத்துக்கு தாங்குற பெயிண்டிங் தரமும், ஒவ்வொரு வெல்டுக்கும் ஒலியலை விட்டு உள்ள விரிசல் இருக்கான்னு பாக்குற யூ.டி. டெஸ்ட் ரிப்போர்ட்டும் கேப்பாங்க, அதுக்கு நெல்லை தூத்துக்குடி பக்கமே பொதுவா ஒரு லேப் வச்சாப் போதும், மத்தத நாங்க பாத்துக்குவோம். இன்னொண்ணு, காத்தாடி போடப்போற அந்தக் கடல் காலியா கெடக்கல, உவரி பெரியதாழை ஆளுங்க அங்கதான் வலை போடுறாங்க. அவங்ககிட்ட பேசாம எந்த சப்ளை செயினும் தண்ணியில எறங்காது.

ரெண்டு துறைமுகத்த சரிபண்ண 600 கோடின்னு அந்த 7,453 கோடிக்குள்ள இருக்கு. அதுல தூத்துக்குடிக்கு எவ்வளவு, எந்த பெர்த், டன் கணக்குல எவ்வளவு பாரம் தாங்குற தரை, வேலை எப்ப ஆரம்பிக்கும்னு உங்க நிருபர அனுப்பி கேட்டு அடுத்த இதழ்ல போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வள்ளியூர்.