நாற்பதாவது நாள் இருமல்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். இங்கே இரண்டு நாளாகச் சாரல். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம்.

நேற்று ராத்திரி போனில் பேசிய ஐந்து நிமிடத்தில் நான்கு முறை இருமினாய். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். "சிகரெட்டை விட்டு நாப்பது நாள் ஆச்சுப்பா. விட்டதுக்கு அப்புறம்தான் உடம்பே கெட்டுப்போச்சு. குடிச்சிட்டு இருந்தப்போ நல்லாத்தானே இருந்தேன்" என்றாய். அதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2008-ல் இதே வார்த்தையை இதே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உன் அம்மாவிடம் நான் சொன்னேன். சொன்ன மறுநாளே மறுபடி பீடியைப் பற்றவைத்தேன். அதைக் கைவிட இன்னும் மூன்று வருடம் ஆனது. போனில் இதையெல்லாம் கோர்வையாகச் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அவசரமில்லாமல் படி.

பொது இடங்களில் புகைபிடிக்கக் கூடாது என்ற தடை 2008 அக்டோபர் 2-ல் நாடு முழுக்க அமலுக்கு வந்தது உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். நான் தென்காசியிலிருந்து மதுரைக்கு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். நாளைக்கு ஒரு கட்டு பீடி, இருபத்தைந்து. இதுதான் சமயம் என்று அன்றைக்கே நிறுத்தினேன். முதல் மூன்று நாள் தலை சுற்றியது, கை நடுங்கியது, கண்டக்டரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். மூன்று வாரத்தில் அதெல்லாம் தணிந்துவிட்டது. ஆனால் இருமல் மட்டும் தணியவில்லை. பீடி குடித்த காலத்தில் காலையில் எழுந்ததும் பத்து நிமிடம் இருமுவேன், அதோடு சரி. விட்ட பிறகு பகல் முழுக்க இருமல். சளி பழுப்பும் கறுப்புமாக வந்தது.

ஏழாவது வாரம். ராஜபாளையத்தில் டீக்கு வண்டியை நிறுத்தியபோது, கூட இருந்தவர் நீட்டிய பீடியை வாங்கிவிட்டேன். இரண்டாவது இழுப்பிலேயே தொண்டை அரிப்பு அடங்கியது. மதுரை போய்ச் சேரும்வரை ஒருமுறைகூட இருமவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! இருமலுக்கு மருந்து இதுதான் என்று மனதாரவே நம்பினேன். என்னை ஏமாற்றியது பீடி ஆசை என்றுகூடச் சொல்ல மாட்டேன், அந்த இருமல் நின்ற நிம்மதிதான் ஏமாற்றியது. உனக்கும் அது நடந்துவிடக் கூடாது என்பதுதான் என் பயம்.

2011-ல் இரண்டாவது முறை விட்டபோது அரசு ஆஸ்பத்திரியில் ஒரு நெஞ்சுநோய் மருத்துவர் எனக்கு இதைப் பொறுமையாக விளக்கினார். நம் மூச்சுக்குழாயின் உள்பக்கம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மயிரிழைகள் இருக்கின்றன. வயலில் நாற்று காற்றுக்கு அசைவதுபோல அவை ஓயாமல் மேல்நோக்கி அசைந்து, தூசியையும் சளியையும் தொண்டைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். புகை பட்டால் அவை அசையாமல் படுத்துவிடும். வருடக்கணக்கில் புகைத்தால் குட்டையாகிவிடும், பல இடங்களில் இல்லாமலே போய்விடும். அழுக்கு உள்ளேயே தங்கும். அதனால்தான் குடித்துக்கொண்டிருந்தபோது "நல்லா" இருந்தது. விட்ட சில நாட்களிலேயே அந்த இழைகள் திரும்ப வேலையைத் தொடங்கும், பிறகு மாதக்கணக்கில் வளரும். கண்மாய் வாய்க்காலை வருடக்கணக்கில் தூர்வாராமல் விட்டுவிட்டு ஒருநாள் மண்வெட்டியை இறக்கினால் தண்ணீர் கலங்கத்தானே செய்யும்? நீ இருமுவது அந்த வேலை நடக்கும் சத்தம். நடுவில் ஒரு சிகரெட் பிடித்தால் வேலைக்காரர்கள் அத்தனை பேரும் படுத்துவிடுவார்கள். சத்தம் நின்றுவிடும். ராஜபாளையத்தில் எனக்கு நின்றது அப்படித்தான்.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாய். இருமலும் மூச்சு வாங்குவதும் குறைய ஒரு மாதத்திலிருந்து ஒன்பது மாதம் வரை ஆகலாம் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. எனக்கு நான்காவது மாதத்தில் குறைந்தது. ஒருநாள் டிப்போவில் வண்டியை விட்டுவிட்டுப் படியேறிப் போய்க் கையெழுத்துப் போட்டேன், போட்ட பிறகுதான் மூச்சு வாங்கவில்லை என்பதே தெரிந்தது. நிகோட்டின் மூன்று நாளில் உடம்பைவிட்டுப் போய்விடுகிறதே, அப்புறமும் ஏன் இந்தப் பாடு என்று நீ யோசிக்கலாம். அது போனாலும் அதற்குப் பழகிய உடம்பு அப்படியே இருக்கிறது. மூளையில் நிகோட்டினைப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் புகைப்பவர்களுக்கு எண்ணிக்கையில் கூடிவிடும். அவை பழைய அளவுக்குத் திரும்பவே ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதம் பிடிக்கும். நீ இப்போது அதன் நடுவில் நிற்கிறாய்.

ராத்திரி நெஞ்சு படபடக்கிறது, இரண்டு மணிவரை தூக்கம் வரவில்லை என்றாயே, அதற்கு முதலில் உன் டீயைப் பார். கம்பெனியில் ஆறு டீ என்றாய். சிகரெட்டுக்குப் பதிலாக இன்னும் ஒன்றிரண்டு கூடியிருக்கும். நானும் அப்படித்தான், பீடி இருந்த இடத்தில் எல்லாம் டீயை வைத்தேன். புகையில் இருக்கிற தார், கல்லீரலை வேகமாக ஓடவைக்கும். டீ, காப்பியில் இருக்கும் காஃபினை அது சீக்கிரம் எரித்துத் தள்ளிவிடும். புகையை நிறுத்திய சில நாளில் அந்த வேகம் குறைந்துவிடும். அப்புறம் அதே டீயைக் குடித்தாலும் ரத்தத்தில் காஃபின் ஏறத்தாழ இரண்டு மடங்கு நிற்கும். ஆறு டீ குடிக்கிற நீ பன்னிரண்டு டீ குடித்தவன்போல் புரண்டுகொண்டு கிடப்பாய், பழியைச் சிகரெட்டை விட்டதன்மேல் போடுவாய். மூன்றாகக் குறை. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டவே வேண்டாம். ஒரு வாரம் செய்துபார்த்துவிட்டு எனக்குச் சொல். உன் மாமா மூச்சிரைப்புக்குச் சாப்பிடும் தியோபிலின் மாத்திரைக்கும் இதே கதைதான். அவர் பீடியை விடப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், விட்டால் உடனே டாக்டரிடம் சொல்லி மாத்திரை அளவைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கனவில் சிகரெட் பிடித்துவிட்டு அழுதுகொண்டே எழுந்ததாகச் சொன்னாய். வெட்கப்படாதே. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் பீடி குடிப்பதுபோல எனக்கு எத்தனை நாள் கனவு வந்திருக்கிறது! விழித்ததும் விரலை மோந்து பார்ப்பேன். வாசனை இல்லை என்று தெரிந்த பிறகுதான் உயிர் வரும்.

வாய்ப்புண் பலருக்கும் வருகிறது. புகை பட்டுப்பட்டுத் தடித்திருந்த தோல் வாய்க்குள் மெலிந்து பழையபடி ஆகிறபோது புண்படும். உப்புத் தண்ணீரில் கொப்பளி, காரத்தைக் குறை. உங்கள் மெஸ்ஸில் மணத்தக்காளிக் கீரை கிடைத்தால் விடாதே. மலச்சிக்கலும் வழக்கம்தான். காலையில் ஒரு சிகரெட் இழுத்தால்தான் வயிறு இளகும் என்று குடலைப் பழக்கிவிட்டோம். கொய்யாப்பழம், கீரை, நிறையத் தண்ணீர், அரைமணி நேர நடை, இவற்றுக்கு அது மெதுவாகத் திரும்பும். எடையைப் பற்றி இப்போது கவலைப்படாதே. முதல் வருடத்தில் சராசரியாக நான்கைந்து கிலோ கூடுவது சகஜம். எனக்கு ஆறு கிலோ கூடி, காக்கி பேண்ட்டைத் தையல்காரரிடம் கொடுத்துப் பிரித்துத் தைத்தேன். வாய் சும்மா இருக்கிறதே என்று பாக்கு மட்டும் போடாதே, தம்பி. வெறும் பாக்கே வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும். கிராம்போ ஏலக்காயோ போட்டுக்கொள்.

இனி எழுதப்போவதைக் கொஞ்சம் கவனமாகப் படி. இவ்வளவு நேரம் பயப்படாதே என்றேன். ஆனால் எல்லாவற்றையும் "விட்டதனால்தான்" என்று தள்ளிவிடவும் கூடாது. எங்கள் டிப்போவில் என்னைவிட நான்கு வயது இளைய டிரைவர் ஒருவர் இருந்தார். என்னைப் பார்த்துத்தான் அவரும் பீடியை விட்டார். இருமல் வந்தது. "அண்ணனுக்கும் இப்படித்தான் இருந்தது, போயிரும்" என்று என் பேரைச் சொல்லியே மூன்று மாதம் ஓட்டிவிட்டார். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் வந்திருக்கிறது, உடம்பும் மெலிந்திருக்கிறது. அதையும் பீடியோடு சேர்த்துக் கணக்கு வைத்துக்கொண்டார். கடைசியில் பார்த்தால் காசநோய். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகி, இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த மூன்று மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். விட்டால் உடம்பு எடை கூடத்தான் செய்யும், குறைந்தால் விஷயம் வேறு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். யாராக இருந்தாலும், காரணம் தெரியும் என்று நினைத்தாலும் இதுதான் முறை. அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. உனக்கு ஐந்து வாரத்தைத் தாண்டிவிட்டது. இந்த வாரமே ஓசூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளி கொடு, நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல். ஒன்பது வருடம் நாளைக்குப் பத்து சிகரெட் குடித்ததை மறைக்காமல் சொல். நெஞ்சை இறுக்குகிறது என்றும் சொன்னாய். இருமி இருமி விலாத் தசை வலிப்பதாகத்தான் இருக்கும், ஆனாலும் ஒரு ஈசிஜி எடுத்துவிடு, அதுவும் ஒரே நாளில் முடிந்துவிடும். சளியில் ரத்தம் தெரிந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சுவலி கைக்கும் தாடைக்கும் பரவி வியர்த்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதே, அந்த நேரமே 108-க்கு அடி. வாய்ப்புண் மூன்று வாரத்தில் ஆறாவிட்டாலும், குரல் கம்மியது சரியாகாவிட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் பீடி சுற்றியது நீ சின்னப் பிள்ளையில் பார்த்ததுதான். மடியில் சுளகு, அதில் ஒரு பக்கம் ஈரத்துணியில் சுற்றிய இலை, ஒரு பக்கம் தூள். தகரத்தை வைத்து இலையை வெட்டி, ஒரு சிட்டிகை தூளை நீளமாகப் பரப்பி, உருட்டி, நூலைச் சுற்றி, தலையை மடக்குவாள். உன்னை மடியின் ஓரத்தில் போட்டுக்கொண்டே ஆயிரம் பீடி கணக்குக் கொடுத்திருக்கிறாள். அந்தத் தூள் அவள் மூக்கிலும் தொண்டையிலும் இறங்கி, பீடியைத் தொட்டுக் குடிக்காதவள் என்னைவிட அதிகம் இருமினாள். ராத்திரி இரண்டு பேரும் மாறிமாறி இருமியது உனக்கு நினைவிருக்கும். 2011-ல் நான் விட்டபோது அவளும் சுளகைத் தூக்கிப் பரண்மேல் போட்டாள். வருமானம் குறைந்தது, சமாளித்தோம். நீ காலேஜில் சிகரெட் பிடிக்கிறாய் என்று தெரிந்தபோது அவள் என்னிடம் பேசவே இல்லை, இரண்டு நாள். நாற்பது நாளாக நீ குடிக்கவில்லை என்று கேட்டதும் முதலில் போய் அழுதது அடுப்படியில்தான். இதை அவள் சொல்லமாட்டாள் என்பதால் நான் எழுதுகிறேன்.

ரொம்ப முடியவில்லை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. மருந்துக்கடையில் 2 மில்லிகிராம் நிகோட்டின் சூயிங்கம் கிடைக்கும். அதைச் சாதாரண மிட்டாய்போல் மென்று விழுங்கினால் விக்கலும் தொண்டை எரிச்சலும் வரும், நீ அதை மென்றபோது உனக்கு வந்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன். நான்கைந்து முறை மென்று, சுரீரென்றதும் கன்னத்தில் அடக்கிவை. சுரீர் குறைந்ததும் மறுபடி மெல்லு. 1800-11-2356 என்ற எண்ணில் கூப்பிட்டால் புகையிலையை விடுகிறவர்களுக்கு அரசு ஆலோசகர்கள் பேசுவார்கள், கட்டணம் இல்லை. சிகரெட் பாக்கெட்டிலேயே அந்த எண் இருக்கும். பாக்கெட்டை வாங்கிப் பார்க்க வேண்டாம் என்றுதான் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒருவேளை இந்த நாற்பது நாளுக்குள் எங்கேயாவது ஒன்று பிடித்திருந்தாலும் என்னிடம் சொல்லு. திட்டமாட்டேன். நான் ராஜபாளையத்து விஷயத்தை அம்மாவிடம் மறைத்ததால்தான் ஒன்று இருபத்தைந்தானது. மறைக்க ஆரம்பித்த பிறகு அதைக் காப்பாற்றுவதற்காகவே தனியாகப் போய்க் குடிக்க வேண்டியிருந்தது.

அம்மா பார்சல் கட்டிவைத்திருக்கிறாள். உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ, சுக்கும் மல்லியும் இடித்த பொடி ஒரு டப்பா. சாயங்கால டீக்குப் பதில் அதைப் போட்டுக் குடி, பேர்தான் சுக்குக் காப்பி, அதில் காப்பித்தூள் கிடையாது. கூடவே என் கம்பளி மப்ளர் வைத்திருக்கிறேன். ஓசூர்க் குளிரில் காலை ஷிப்டுக்குப் பைக்கில் போகும்போது தொண்டையைச் சுற்றிக் கட்டிக்கொள்.

சளிப் பரிசோதனைச் சீட்டு கைக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பு. ராத்திரி இருமல் தாங்காமல் கடைப்பக்கம் கால் போகிற மாதிரி இருந்தால் மணி பார்க்காமல் எனக்கு அடி. பஸ் ஓட்டிய பழக்கத்தில் மூன்று மணிக்கெல்லாம் இன்னும் விழிப்பு வந்துவிடுகிறது, திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா